மஞ்சள் துணி, ஒன்பது மணி

ஜனவரி 11

என் அக்கா பெற்ற ஆராய்ச்சிப் புலிக்கு, மாமா எழுதுவது.

உடம்பு தேவலையா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை காகிதத்தையே தின்கிறாயா? எனக்கு ஒரு குறையும் இல்லை. எழுபத்திரண்டு வயதில் நான் மாடி ஏறுகிற வேகத்துக்கு இருபது வயதுக்காரன் ஈடு கொடுக்க முடியாது. காது மட்டும் மந்தம். முப்பத்தைந்து வருஷம் ஆஸ்பத்திரி லிஃப்டுக்குள் நின்று ஆட்களை ஏற்றி இறக்கியவனுக்கு அது உத்தியோகம் கொடுத்த பதக்கம். போனில் நீ பேசினால் ஈ பறக்கிற மாதிரி இருக்கிறது. அதனால் கடிதமே நமக்குச் சரி.

நீ அனுப்பிய பெட்டி வந்தது. பதினெட்டு மஞ்சள் துணி, ஒரு கட்டுப் படிவம். படிக்கட்டுக்கு அடியில் கூட்டம் போட்டேன். இருநூறு பேர் திரண்டுவிட்டார்கள். [பதினோரு பேர். அதில் இருவர் கடைக்குப் போகிற வழியில் நின்றவர்கள்.] விஷயத்தை நானே விளக்கினேன். "தனியா இருக்கிறவங்க படுக்கப் போகும்போது துணியை வெளிக் கதவுப் பிடியில தொங்க விடணும். காலைல எழுந்ததும் உள்ளே எடுத்துக்கணும். ஒன்பது மணிக்கும் துணி வெளியிலேயே தொங்கினா, அந்த மாடிக்குப் பொறுப்பானவர் கதவைத் தட்டிப் பார்க்கணும். அவ்வளவுதான்." கைதட்டல் அடங்கவே கால் மணி நேரம் ஆயிற்று. [யாரும் கை தட்டவில்லை.]

சிவப்பு மையைப் பார்த்துப் பயந்துவிடாதே. நாலாம் மாடியில் என் சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். அச்சகத்தில் நாற்பது வருஷம் பிழை திருத்தியவர், என்னைப் போலவே தனிக்கட்டை. நான் எட்டாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன். இருந்தாலும் எழுத்துப் பிழை பார்க்கட்டும் என்று கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். மனுஷன் எழுத்தை விட்டுவிட்டு விஷயத்தில் கை வைக்கிறார்.

இந்த யோசனையே என்னுடையது என்று உன் அறிக்கையில் முதல் வரியாகப் போடு. [துண்டு தொங்கவிடலாம் என்று சொன்னவன் நான், அம்மா. மாமா கதவைத் தட்டியவர். அதுவும் சின்ன வேலை இல்லை.]

இப்படிக்கு,
உன் மாமா,
ஐந்து மாடிக்கும் தலைமைப் பொறுப்பாளர்

—

ஜனவரி 24

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். உங்கள் முழங்காலும் காதும் எப்படி என்று அம்மா கேட்கச் சொன்னாள். "உன் மாமா சொல்றதுல பாதியை எடுத்துக்கோ, அந்தப் பாதியையும் அலசிப் பிழிஞ்சிட்டு வை" என்றும் சொன்னாள்.

எங்கள் மையத்தின் பெயர்ப்பலகையில் 'சமூகப் புதுமை ஆய்வு' என்று போட்டிருக்கிறது. எனக்கு அது பஸ்ஸும் படிக்கட்டும்தான். ஆறு கட்டடங்களில் துணி கொடுத்திருக்கிறோம். ஒரு சின்னப் பழக்கம் அக்கம்பக்கத்து மனிதர்களை ஒருவரையொருவர் கவனிக்க வைக்குமா, எத்தனை நாளைக்கு வைக்கும் என்பதுதான் கேள்வி. வாரம் ஒரு படிவம் நிரப்புங்கள் மாமா. ஒன்பது மணிக்கு எத்தனை துணி வெளியே, எத்தனை கதவு தட்டப்பட்டது, எத்தனை திறந்தது. வேறு எதுவும் வேண்டாம். கைதட்டல் வேண்டவே வேண்டாம்.

சிவப்பு மைக்காரருக்கு என் வணக்கம். அவர் உங்கள் பக்கத்தில் இருப்பது எனக்குப் பெரிய நிம்மதி.

நீங்கள் வைத்த பேர்ப்படி,
கேள்விக்குறி

—

பிப்ரவரி 16

கேள்விக்குறிக்கு மாமா எழுதுவது.

நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். நீ இளைத்துவிட்டாயாமே, உன் அம்மா எழுதினாள். ஆராய்ச்சி எங்கே ஓடிப் போகிறது? முதலில் தூங்கு.

முதல் மாதம் அமோகம். ரொட்டிக்கடைக்காரர் வந்து, "சமூகப் புதுமைன்னா என்ன பெரியவரே?" என்றார். "பக்கத்து வீட்டுக்காரன் உயிரோட இருக்கானான்னு பார்க்கிறதுக்கு இப்ப ஆபீஸ் வெச்சு ஆராய்ச்சி பண்றாங்க" என்றேன். "முன்னல்லாம் சும்மாவே பார்ப்போமே?" என்றார். "அதுக்குத்தான் புதுமைன்னு பேர்" என்று போட்டேன். மனுஷன் இரண்டு ரொட்டி சும்மா கொடுத்தார். [ஒரு ரொட்டி. நேற்றையது.]

சின்னச் சின்ன சங்கடம் உண்டு. மூன்றாம் மாடி நர்ஸம்மா காலை ஷிப்டுக்கு ஓடுகிற அவசரத்தில் துணியை எடுக்க மறந்துவிடுகிறாள். கீழே என் எதிர்வீட்டு ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் ஒன்பதரைக்குத்தான் எழுந்திருப்பார். கீழ்த்தளப் பொறுப்பாளர் தட்டினால், "குளிச்சிட்டு இருந்தேன்யா. செத்தா போயிட்டேன்? நான் செத்தா உனக்கு முதல்ல சொல்லி அனுப்பறேன், போ" என்று கத்தினாராம். பொறுப்பாளருக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் ஒரே வார்த்தையில் சமாதானம் செய்துவிட்டேன். [இன்னும் இருவரும் பேசிக்கொள்வதில்லை.]

நாலு வாரப் படிவமும் இதோடு வைத்திருக்கிறேன். ஒன்பது மணிக்கு வெளியே இரண்டு, நாலு, ஐந்து, ஏழு. ஏறிக்கொண்டு போகிறதே என்று பார்க்காதே. எட்டுத் திக்கும் ஆளும் ராஜாவுக்கே நாலு நாள் கெட்ட நாள் உண்டு.

இப்படிக்கு,
எண் போடத் தெரிந்த மாமா

—

மார்ச் 3

அன்புள்ள மாமாவுக்கு,

ஒரு வாரமாகத் தொண்டைக் கட்டு, மற்றபடி பரவாயில்லை. நீங்கள் படியில் அவசரப்படாமல் ஏறுங்கள்.

மற்ற ஐந்து கட்டடங்களும் படுத்துவிட்டன. ஓரிடத்தில் துணியை அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கைப்பிடித் துணியாக்கிவிட்டார்கள். இன்னோரிடத்தில் ஒரு அம்மாள் அதில் ஜன்னல் துடைத்துக்கொண்டே என் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். "நல்ல துணிம்மா, இன்னும் ரெண்டு கிடைக்குமா?"

எங்கள் இயக்குநர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். "ஒரு கட்டடமாவது நின்றால்தான் அடுத்த வருஷம் இந்தப் பிரிவு இருக்கும்" என்றார். பிரிவு என்றால் நானும் ஒரு தட்டச்சரும்தான். இனி எல்லாம் உங்கள் கட்டடத்தைத்தான் நம்பியிருக்கிறது. எப்படியாவது பார்த்துக்கொள்ளுங்கள், மாமா.

இரண்டு நாளாகச் சரியான தூக்கமில்லை. கையெழுத்து மோசமாக இருந்தால் மன்னியுங்கள்.

கேள்விக்குறி

—

மார்ச் 20

மருமகளுக்கு மாமா எழுதுவது.

தொண்டைக்கு வெந்நீர் குடி. என் முழங்கால் லேசாக முனகுகிறது, வேறொன்றுமில்லை. கிழட்டுக் கதவு கிரீச்சிடாமல் இருக்குமா?

நீ எழுதியதைப் படித்ததும் கட்டடத்தையே ஒரு உலுக்கு உலுக்கிவிட்டேன். படிவத்தைப் பார். ஒன்பது மணிக்கு வெளியே ஒன்று, பூஜ்யம், பூஜ்யம். ராணுவ அணிவகுப்பு மாதிரி ஆகிவிட்டது. காலை ஒன்பது மணிக்கு நீ வந்து நின்றால், ஐந்து மாடியிலும் ஒரு கதவில்கூட மஞ்சள் நிறம் தெரியாது. கணக்கு வாத்தியார்கூடத் திருந்திவிட்டார். எல்லாம் நான் பேசிய பேச்சு. கல்லும் கரையும், வாத்தியார் கரைய மாட்டாரா? தட்டவேண்டிய அவசியமே இல்லாததால் மாடிப் பொறுப்பாளர்களுக்கு விடுதலை கொடுத்துவிட்டேன்.

பூஜ்யத்துக்கு இவ்வளவு மதிப்பு உண்டென்று பள்ளிக்கூடத்தில் தெரிந்திருந்தால் நான்தான் வகுப்பில் முதல். இனி நீ நிம்மதியாகத் தூங்கு.

[இந்தக் கடிதத்தில் நான் எதையும் திருத்தவில்லை, அம்மா. ஒரு கேள்வி மட்டும். மாமாவுக்கு ஏன் முழங்கால் வலி என்று கேளுங்கள்.]

இப்படிக்கு,
கல்லைக் கரைத்த மாமா

—

ஏப்ரல் 5

அன்புள்ள மாமாவுக்கு,

தொண்டை சரியாகிவிட்டது. முழங்காலுக்கு அம்மா ஒரு தைலம் அனுப்பியிருக்கிறாள், தடவிக்கொள்ளுங்கள்.

உங்கள் எண்களை வைத்து இடைக்கால அறிக்கை கொடுத்துவிட்டேன். இயக்குநர் எழுந்து வந்து என் மேஜைமேல் தன் டீயை வைத்தார். அவருக்கு அது மாலை போடுவது மாதிரி. அறுபது கட்டடங்களுக்கு இதைக் கொண்டுபோகலாமா என்று ஜூன் மாதம் இருபதாம் தேதி முடிவு செய்கிறார்கள். அதுவரை படிவம் இப்படியே வரட்டும்.

வேறு எழுதத் தெம்பில்லை.

கேள்விக்குறி

—

ஏப்ரல் 29

மருமகளுக்கு,

சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

மூன்று வாரப் படிவம் வைத்திருக்கிறேன். தைலம் கிடைத்தது என்று அம்மாவிடம் சொல். இங்கே வெயில் அதிகம்.

மாமா

—

மே 9

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே அனைவரும் சௌக்கியம். உங்கள் கடிதத்தை மூன்று தடவை திருப்பிப் பார்த்தேன். ஒரு பெருமையும் இல்லை, சிவப்பு மையில் ஒரு புள்ளியும் இல்லை. உங்களுக்குக் காய்ச்சலா? அவரோடு சண்டையா? படிவத்திலும் கடைசி வாரம் காலியாக இருக்கிறது.

ஒரு வரி போடுங்கள்.

கேள்விக்குறி

—

மே 27

மாமா,

பதில் இல்லை. அம்மா பயப்படுகிறாள். ரொட்டிக்கடைக்குப் போன் செய்தேன். "பெரியவர் நல்லாத்தான் இருக்கார், தினமும் ஆஸ்பத்திரி போறார்" என்றார். யாருக்காக என்று கேட்பதற்குள் யாரோ ரொட்டி கேட்டு வந்துவிட்டார்கள். நான் மறுபடி கூப்பிடவில்லை. ஏன் என்று இப்போது சொல்ல முடியவில்லை.

கே.

—

ஜூன் 4

என் அக்கா மகளுக்கு மாமா எழுதுவது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. இருந்தால் தேவலை போல இருக்கிறது.

இந்தக் கடிதத்தைத் திருத்த ஆள் இல்லை. அதனால் நானே பார்த்துப் பார்த்து எழுதுகிறேன். பொய் வந்தால் நானே அடிக்கிறேன்.

கட்டடத்தில் யாரும் திருந்தவில்லை. நீ மார்ச்சில் எழுதியபோது தினமும் பத்துத் துணி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. மறதி, சோம்பல், வேறொன்றும் இல்லை. தட்டப் போனவர்கள் திட்டு வாங்கிச் சலித்துப் போய் விட்டுவிட்டார்கள். நான் பார்த்தேன். பிள்ளை தூங்காமல் கிடக்கிறாள், இதுகள் ஒரு துணியை எடுக்க மாட்டேன் என்கிறதுகளே என்று. தினமும் எட்டரைக்குக் கிளம்பி ஐந்து மாடியும் ஏறினேன். வெளியே தொங்குகிற துணியை எடுத்து மடித்து, கதவில் தபால் போடுகிற இடுக்கு வழியாக உள்ளே தள்ளிவிட்டேன். ஒன்பது மணிக்குக் கீழே வந்து பூஜ்யம் போட்டேன். அதுதான் முழங்கால் வலி.

நாலாம் மாடிக்காரருக்குத் தெரிந்துவிட்டது. "யோவ், நீ எடுக்கிறது துணி இல்லய்யா, மணி. ஆபத்துன்னு அடிக்கிற மணி. அதோட நாக்கை அறுத்துட்டு அமைதியா இருக்குன்னு சந்தோஷப்படறே" என்றார். "உமக்கென்ன, பிள்ளையா குட்டியா? என் மருமகள் வேலை போயிடும்" என்றேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அவர் அதற்கப்புறம் பேசவில்லை. உனக்கு ஒரு கேள்வி மட்டும் சிவப்பில் எழுதிக் கொடுத்தார். சில நாளில் மறுபடி பேசினோம், ஆனால் துணியைப் பற்றி இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை.

ஏப்ரல் பத்தொன்பது. எட்டரைக்கு ஏறினேன். அன்று வெளியே பதினொன்று. முதல் மாடி, இரண்டு, மூன்று. நாலாம் மாடியில் மூன்று துணி எடுத்தேன். அதில் ஒன்று அவருடையது.

மூன்று மாதத்தில் அவர் ஒரு நாள்கூட மறந்ததில்லை. ஆறு மணி அடித்தால் துணி உள்ளே போய்விடும். இந்தக் கட்டடத்தில் துணி வெளியே கிடந்தால் ஓடவேண்டிய ஒரே கதவு அதுதான். என் கை எடுத்தது, மடித்தது, உள்ளே தள்ளியது. புத்தி அடுத்த கதவுக்குப் போய்விட்டது.

அவர் உள்ளே தரையில் கிடந்திருக்கிறார். பக்கவாதம் வலது பக்கம் முழுக்க இழுத்துவிட்டது. என் காலடிச் சத்தம் கேட்டதாம். கூப்பிட்டாராம். கதவுக்கு இந்தப் பக்கம் என் மந்தக் காது. துணி இடுக்கு வழியாக வந்து தன் முகத்துக்குப் பக்கத்தில் விழுந்ததைப் பார்த்ததாகச் சொன்னார், பேச்சு கொஞ்சம் வந்த பிறகு.

சாயங்காலம் ஒரு கடிதத்தைத் திருத்தக் கொண்டுபோனேன். தட்டினேன், திறக்கவில்லை. பழைய கோபம் கிளம்பிவிட்டது போல என்று வந்துவிட்டேன். மறுநாள் காலை அவர் கதவில் துணி இல்லை. தொங்கவிட ஆள் எழுந்தால்தானே? துணி இல்லாத கதவு சுகமான கதவு என்று நாம் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறோமே. பேப்பர் போடுகிறவர் மத்தியானம் வந்து, "நேத்து மத்தியானம் போட்ட பேப்பரும் இடுக்கிலேயே மாட்டியிருக்கு பெரியவரே" என்றார். அப்புறம்தான் கதவை உடைத்தோம்.

அன்றைக்கும் படிவத்தில் பூஜ்யம்தான் போட்டேன். உனக்கு அனுப்பியும் விட்டேன். அடுத்த வாரத்துக்குத்தான் கை வரவில்லை.

உயிர் இருக்கிறது. வலது கை அசையவில்லை. திருத்துகிற அந்தக் கை, அம்மா.

நான் சொன்னதில் எது பொய், எது மெய் என்று இனி யார் சொல்வார்கள்? நீ அறிக்கையில் என்ன போடவேண்டுமோ போடு. என் பேரைப் போடு. முதல் வரியில் போடு.

மாமா

—

ஜூன் 15

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலமாக இல்லை. நீங்களும் இல்லை. அதைத் தாண்டி எழுதுகிறேன்.

உங்கள் எண்களை நான் நம்பவில்லை, மாமா. ஒரு நாளும் நம்பவில்லை. ஐந்து வருஷமாக இந்த வேலை செய்கிறேன். ஏழிலிருந்து ஒரே மாதத்தில் எந்த மனிதக் கூட்டமும் பூஜ்யத்துக்கு வராது. அம்மா சொன்ன அலசிப் பிழிகிற கணக்கும் எனக்குத் தெரியும். முழங்கால் வலி ஏன் என்று கேட்கச் சொல்லி அவர் சிவப்பில் எழுதியிருந்தார். நான் கேட்காமல், அம்மா அனுப்பிய தைலத்தைத் தடவிக்கொள்ளச் சொன்னேன். கேட்டிருந்தால் நீங்கள் உண்மையைச் சொல்லியிருப்பீர்கள்; அது எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

"எப்படியாவது" என்று எழுதியது நான். உங்கள் பேரை மட்டும் முதல் வரியில் போட என்னால் முடியாது.

நேற்று அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். நடந்ததை நாலு பக்கம் எழுதி, என் பங்கையும் சேர்த்துக் கொடுத்தேன். இயக்குநர் நாலு பக்கத்தையும் படித்து முடித்து மேஜையில் வைத்தார். "இதை இருபதாம் தேதிக்குப் பிறகு கொடுத்திருக்கலாமே" என்றார். "அறுபது கட்டடத்திலும் தரையில் ஆள் கிடப்பாங்க சார். துணி இல்லேன்னா சுகம்னு நாமதான் சொல்லிக் கொடுத்திருப்போம்" என்றேன். திட்டம் நின்றுவிட்டது. பிரிவு இந்த மாதக் கடைசியோடு மூடப்படுகிறது. தட்டச்சர் அழவில்லை, மேஜையைத் துடைத்தார். எங்கள் அலுவலகத்திலும் அந்த மஞ்சள் துணிதான் இருந்தது.

அடுத்த வேலை என்னவென்று தெரியவில்லை. முதலில் தூங்க வேண்டும். நீங்கள் பிப்ரவரியிலிருந்து சொல்கிறீர்கள்.

அவரைப் பார்க்க வரலாமா? அவர் சம்மதிப்பாரா என்று கேட்டு எழுதுங்கள்.

உங்கள் மருமகள்

—

ஜூலை 20

என் மருமகளுக்கு மாமா எழுதுவது.

தூங்கினாயா? நான் இரண்டு நாளாகத் தூங்குகிறேன். முழங்கால் முன்னைவிட மோசம், ஆனால் இப்போது அது வலிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

அவரை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். நாலாம் மாடிக்கு ஏற்ற முடியாது; லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் லிஃப்ட்காரன் என்ன கிழிப்பான்? என் எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார் மேலே நாலாம் மாடிக்குப் போய், கீழ்வீட்டை அவருக்கு விட்டுக் கொடுத்தார். நான் கேட்கவே இல்லை. கேட்கலாமா என்று இரண்டு நாள் எதிரே நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். "என்னய்யா, கதவைப் பார்த்துட்டே நிக்கறே, சொல்லித் தொலை" என்று வாத்தியாரே திறந்தார்.

துணியை எல்லாம் சேர்த்துக் கட்டி வைத்துவிட்டேன். இப்போது காலையில் நானே ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறேன். முகத்தைப் பார்க்காமல் நகர்வதில்லை. காது கேட்காதவனுக்கு "நல்லாருக்கேன், போ" என்று உள்ளேயிருந்து கத்தினால் எப்படித் தெரியும்? திறக்கத்தான் வேண்டும். திட்டு விழுகிறது. அதுவும் பாதிதான் கேட்கிறது, கொடுத்து வைத்தவன் நான். பதினெட்டுப் பேரில் பத்துப் பேர் திறக்கிறார்கள். [ஆறு.] மற்றவர்கள் நாளைக்குத் திறப்பார்கள். [தெரியாது.]

சிவப்பைப் பார்த்தாயா? பென்சிலைக்கூட இடது கையில் பிடிக்கத் தெரியாத மனுஷன், ஒரு வார்த்தை எழுதக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறார். எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது. நான் உட்கார்ந்து காத்திருக்கிறேன். வேறென்ன வேலை எனக்கு?

நீ தாராளமாக வரலாம். நான் எதுவும் ஜோடிக்கவில்லை, அவரே தலையாட்டினார். என்னையும் அவர் மன்னித்துவிட்டார்.

[கடைசி வாக்கியத்தின் மேல் ஒரு சிவப்புக் கோடு. கீழே, சரிந்து சரிந்த எழுத்தில்:

இன்னும் இல்லை. நாளைக்கும் வந்து தட்டட்டும்.]